கடிதத்தை எரித்தவள்

மனைவி அமுதவள்ளி படுத்திருந்த கட்டிலை அப்படியே சுவரோரமாகத் தள்ளி முடிப்பதற்குள் வேலாயுதத்துக்கு மூச்சு வாங்கியது. அறையில் ஒன்பது பேர் உட்கார இடம் வேண்டும் என்று அவள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். முந்தைய நாள் வந்த டாக்டர் அவரைக் கார் வரை அழைத்துப்போய், அவளுக்கு இனி இரண்டு நாளோ மூன்று நாளோ என்று சொல்லியிருந்தார். மகன் மெல்பர்னிலிருந்து விமானம் ஏறிவிட்டான். ஆனால் செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வில் இலக்கியத் தாள். இன்று சனிக்கிழமை. இருபத்திரண்டு வருடமாக அவள் சனிக்கிழமை வகுப்பு எடுக்காமல் விட்டதில்லை.

பிள்ளைகள் வந்து, ஆக்சிஜன் குழாயையும் அவள் கன்ன எலும்பையும் பார்த்துவிட்டு, கதவோரமே நின்றுவிட்டார்கள்.

“என்ன, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? உக்காருங்க. எழுபத்தி ரெண்டாம் பக்கம்.”

சின்னக் கதைதான். ரப்பர் தோட்டத்தில் ஒரு தாய். சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனிடமிருந்து மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம் வருகிறது. அவள் அதைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுகிறாள். ஏன் எரித்தாள் என்பதுதான் கேள்வி. ரோஷம் என்பது அமுதவள்ளியின் குறிப்பேட்டில் இருந்த விடை. அதற்கு ஐந்து காரணங்களும் எழுதி வைத்திருந்தாள்.

யுகேந்திரன் அந்தத் தாய் கல்நெஞ்சக்காரி என்றான். ஜானிஸ் விடவில்லை. விட்டுப் போனவன் எழுதினால் உடனே உருகிவிட வேண்டுமா என்று கேட்டாள். யார் எது சொன்னாலும் அமுதவள்ளி ஒன்றையே திரும்பக் கேட்டாள், எந்த வரியில் இருக்கிறது என்று. அவள் குரல் மெலிந்திருந்ததால் எல்லோரும் கட்டிலை நெருங்கி வந்தார்கள். பத்து நிமிடத்தில் அவள் நோயாளி என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. யுகேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்து நின்று வாதாடினான். அமுதவள்ளியின் முகத்தில் பல வாரங்களாகக் காணாத ஒரு சிவப்பு ஏறியிருந்தது.

வேலாயுதம் மைலோ கோப்பைகள் வைத்த தட்டோடு கதவருகே நின்றார். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். சனிக்கிழமைதோறும் அவளைப் பிரிக்பீல்ட்ஸ் வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். இந்தக் கதையைப் படித்ததில்லை. காதால் இருபது தடவையாவது கேட்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் ரோஷம் என்ற இடம் வரும்போது அவருக்கு என்னவோ உறுத்தும். வாத்தியார் வேலை அவளுடையது என்று விட்டுவிடுவார். இன்று வாய் முந்திக்கொண்டது.

“அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது லா.”

எல்லோரும் திரும்பினார்கள். தட்டை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“கடுதாசிய யாருகிட்டயாச்சும் குடுத்துத்தான் படிக்கணும். குடுத்தா, சாயங்காலத்துக்குள்ள லயத்துல அத்தன வீட்டுக்கும் தெரிஞ்சிடும். மவன் என்ன கெட்டுப்போயிருக்கானோ, ஏது எழுதிருக்கானோ. அதான் எரிச்சிட்டாங்க. எங்கம்மாவா இருந்தாலும் அதான் செஞ்சிருக்கும்.”

அமுதவள்ளி அவரையே பார்த்தாள். வெளியே போகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தார்.

“எந்த வரி?” என்றாள்.

தனக்கு எப்படித் தெரியும் என்றார் அவர். அதற்குள் அறை முழுக்கப் பக்கங்கள் புரண்டன. வகுப்பில் அதுவரை வாயே திறக்காத மாதவிதான் கண்டுபிடித்தாள். பஸ்ஸின் நெற்றியில் கிள்ளான் என்று எழுதியிருந்தும், அந்தத் தாய் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறாள். மாதவி எழுந்து அந்த வரியைப் படித்துக் காட்டினாள். உடனே யுகேந்திரன் இன்னொன்றைப் பிடித்தான். கடிதத்தைக் கொடுக்கும் தபால்காரர், உங்கள் மகன்தான் எழுதியிருக்கிறான் என்று ஏன் சொல்ல வேண்டும்? ஜானிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அமுதவள்ளி சிரித்தாள். சிரிப்பு இருமலானது. வேலாயுதம் நீட்டிய தண்ணீரை விலக்கிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இத்தன வருசம் என் கண்ணுல படல. படியிலயே உக்காந்திருந்தீங்களே, ஒரு நாளாவது சொல்லக்கூடாதா?”

“நீ கேக்கலியே.”

தன் குறிப்பேட்டில் ரோஷம் என்ற விடையை அடித்துவிடச் சொன்னாள். புதிதாக எழுதினால் மார்க் கிடைக்குமா என்று ஜானிஸ் கேட்டதற்கு, வரியைக் காட்டினால் கிடைக்கும் என்றாள். பிறகு நாற்பத்தைந்து நிமிடம் கொடுத்து, முழுக் கட்டுரையும் எழுதச் சொல்லி எல்லோரையும் ஹாலுக்கு அனுப்பினாள். கதவைச் சாத்த வேண்டாம், அவர்கள் எழுதுவதைப் பார்க்க வேண்டும் என்றாள்.

பிள்ளைகள் போனதும், வேறு எந்தக் கதையில் அவருக்குச் சந்தேகம் என்று கேட்டாள். ரயில்வேக்காரர் ஒருவரின் கதை இருந்தது. அதில் அந்த மனிதர் மனைவியிடம் பொய் சொல்வது எதற்கு என்று தனக்கு வேறு மாதிரி தோன்றும் என்றார். சொல்லச் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் ஒரேயடியாக இவ்வளவு நேரம் பேசியதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு ம் கொட்டினாள். இடையில் ஒருமுறை, அது சரி, ஆனால் வரி வேண்டும் என்றாள். மேலும் சொன்னார். ம் வந்தது. பிறகு வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து அவர் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினார்.

அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். மார்பில் கை வைத்துப் பார்த்தார். மூச்சு நின்றிருந்தது. ஆக்சிஜன் மிஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதை அணைக்கக் கை போனது. சத்தம் நின்றால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அப்படியே விட்டார்.

ஹாலில் ஒன்பது தலைகளும் குனிந்திருந்தன. மாதவி சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, கையைத் தூக்கி, இன்னொரு தாள் வேண்டும் என்று அவரிடம் சைகை காட்டினாள். அவர் அலமாரியிலிருந்து தாள்களை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தார்.

“எவ்வளோ டைம் இருக்கு, அங்கிள்?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பத்து நிமிசம் இருக்கு. எழுதும்மா.”

திரும்பி வந்தவர் அறைக்குள் போகவில்லை. கட்டில் அவர்கள் கண்ணில் படாதபடி, கதவு நிலைக்கு நடுவில் நின்றுகொண்டார்.