ராசாக்களின்ர கோயிலுக்கு ஒரு பஸ்

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலின் ரூ லூயி-பிளாங்க் தெருவில் பஸ் வெளிக்கிட்டதிலிருந்து யேசுரட்ணம் மைக்கைக் கீழே வைக்கவில்லை. ஆளுக்கு இவ்வளவென்று காசு வாங்கி யாத்திரையை ஒழுங்கு செய்தவர் அவர்.

"இண்டைக்கு நாங்கள் போறது சும்மா கோயில் இல்லை. ராசாக்களை அடக்கம் செய்த, ராசாக்களின்ர கோயில்."

அவர் அதையே திரும்பவும் சொல்ல, டிலானி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். புரட்சியில் பிரெஞ்சு ராசாக்களின் கழுத்துக்கு என்ன நடந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவர்களிடம் போய் மன்றாட லாச்சப்பலிலிருந்து பஸ் பிடிக்கிற சனம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்காக வந்திருந்தாள். அம்மா மரியமலரின் மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு திங்கட்கிழமை. அம்மாவுக்குப் பிரெஞ்சு காணாது. ஒபர்வில்லியேயில் ஒரு கிடங்கில் வேலை செய்யும் அப்பாவின் பிரெஞ்சு அதைவிட மோசம். டொக்டர் சொல்வதைப் பதினாறு வயது டிலானிதான் தமிழில் சொல்ல வேண்டும்.

கோயிலைச் சுற்றிய தோட்டத்தில் செடிகளைப் பெட்டி பெட்டியாக வெட்டி நிறுத்தியிருந்தார்கள். மரத்தைக்கூட அதன்பாட்டில் வளர விடாத ராச குடும்பம் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே அந்தக் குடும்பம் முழுவதும் பளிங்கில் படுத்திருந்தது. கல்லறைகளின் மேல் கல்லுத் தலையணை, கல்லுப் போர்வை, காலடியில் கல்லு நாய். செத்த பிறகும் சொகுசு குறையவில்லை. எங்கள் ஆட்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ராசாவுக்கும் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள்.

ஒரு இளம் பெண்ணின் சிலையருகே அம்மா நின்றாள். அதன் பாதத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டாள்.

"என்ன எழுதிக் கிடக்கு, பிள்ளை?"

இளவரசி. நீண்ட நோயால் இறந்தாள். இருபத்தாறு வயது. டிலானி கல்லெழுத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"வருத்தக்காறரைச் சுகப்படுத்திற புனிதையாம், அம்மா."

பின்னால் நின்ற யேசுரட்ணத்தின் காதில் அது விழுந்தது.

"இதைத்தான் நான் பஸ்ஸிலை சொல்ல இருந்தனான்," என்றார். "எல்லாரும் இஞ்சாலை வாங்கோ."

சற்று நேரத்தில் அங்கே வரிசை நின்றது. முழங்கால் நோவோடு பஸ்ஸில் வந்த அஜந்தா அன்ரி கைலேஞ்சியைப் பளிங்கு முழங்காலில் தேய்த்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். அம்மா முழந்தாளிட்டுச் செபமாலையை எடுத்தாள். காவலாளி வந்து டிலானியிடம் பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டான்: இந்த இளவரசி கலியாணம் கட்டியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லையே, எதற்காக இவர்கள் மன்றாடுகிறார்கள்? தயவுசெய்து சிலையைத் தொட வேண்டாம் என்று சொல்வாயா?

"என்னவாம்?" என்றார் யேசுரட்ணம்.

"நெருக்காமல் நிக்கட்டாம்."

"மரியாதையான பிள்ளை," என்று யேசுரட்ணம் காவலாளியின் தோளில் தட்டினார்.

மத்தியானம் தோட்டத்து வாங்கில் அம்மா சோற்றுப் பார்சலை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் சாப்பிடவில்லை.

"அவ புனிதை இல்லை, என்ன?"

டிலானி தன் பார்சலை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"வருசம் ரெண்டும் கல்லிலை வெட்டிக் கிடந்தது. கழிச்சுப் பாத்தனான், இருபத்தாறு. அந்த வயசிலை செத்தவ ஆரைச் சுகப்படுத்திறது? எனக்குப் பிரெஞ்சுதான் காணாது."

"தெரிஞ்சுகொண்டே முழுச் செபமாலையும் சொன்னனீங்கள்?"

"அவவிட்டை கேக்கேல்லை. அவவுக்காகச் சொன்னனான். உந்த ராசா வீட்டு ஆக்களுக்கு இப்ப ஆர் செபிக்கினம்? ஒருத்தரும் நினையாத ஆன்மாவுக்குச் செபிச்சால் அது எங்களை மறவாது."

"அப்ப இதுவும் வியாபாரம்தான்."

"ஓம். உன்ர யேசுரட்ணம் மாமா செய்யிறதிலும் பாக்க நல்ல வியாபாரம்."

டிலானிக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

"திங்கட்கிழமை டொக்டர் சொல்லுறதை இப்பிடி மாத்திச் சொல்லாதை."

"நான் மாத்த மாட்டன்."

"மாத்துவாய். முன்பின் தெரியாத, எப்பவோ செத்த ஒரு பெட்டைக்கே மாத்தினனி. பிறகு நான் உன்ர முகத்தைப் பாத்துப் பாத்து விளங்க வேணும். அது எனக்கு ஏலாது, பிள்ளை."

டிலானி பார்சலின் நூலை விரலில் சுற்றினாள்.

"எனக்கு அந்தச் சொல்லுக்குத் தமிழ் தெரியாது, அம்மா. பிரெஞ்சிலைதான் தெரியும்."

"புற்றுநோய்," என்றாள் அம்மா, கடையில் மரக்கறியின் பெயர் சொல்வதுபோல. "இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லு. இருந்தால் இந்தச் சொல்லைச் சொல்லு. இப்ப ஒருக்காச் சொல்லு பாப்பம்."

முதல் தடவை பாதிச் சொல்லோடு நின்றது. அடுத்த தடவை தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. பக்கத்து வாங்கில் இருந்த அஜந்தா அன்ரியின் கை, சோற்று உருண்டையோடு வாய்க்கு முன்னால் அப்படியே நின்றது.

"உங்களுக்கில்லை அன்ரி," என்றாள் டிலானி. "நீங்கள் சாப்பிடுங்கோ."