இங்கிலீஷ் கேட்கும் வீடு

மகனின் மூச்சில் சீட்டியடிக்கிற சத்தம் கேட்டபோது மலர்விழி கூடத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே செல்போனில் ஓடுகிற கார்ட்டூன் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுந்துபோய்ப் போனை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை. மூன்றரை வயது இளம்பரிதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்து எழுந்தது. காலடியில் புளியங்கொட்டைகள் சிதறிக் கிடந்தன.

வாயைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. கொட்டையைத் தின்றானா, எப்போது தின்றான், எதுவும் அவளுக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வதை அவள் விட்டு எட்டு மாதம் ஆகிறது. பக்கத்தில் இருந்தால் வாய் சும்மா இருக்காது, தமிழ் வந்துவிடும்.

நிர்மலாதேவி வந்துபோனதில் தொடங்கியது அது. சின்னப் பிள்ளைகள் இங்கிலீஷை எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிற பெண். ஏரியூர்ப் பக்கம் ஊர் ஊராக வந்து, பிள்ளைகளுக்குப் படம் காட்டிப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டு போவாள். பையன் வீட்டில் எவ்வளவு நேரம் இங்கிலீஷ் கேட்கிறான் என்று பெற்றவர்களிடமும் கேட்டாள். கேட்பதே இல்லை என்று சொல்ல மலர்விழியின் புருஷன் பச்சியப்பனுக்கு நாக்கு எழவில்லை. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறவன். இன்ஜினியர் இங்கிலீஷில் ஏசினால் எதற்கு ஏசுகிறார் என்றே தெரியாமல் தோளில் கம்பியோடு நிற்கிறவன். அந்தப் பெண் கேட்டது வெறும் கேள்விதான். ஆனால் சட்டை மடிப்புக் கலையாமல் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் உத்தரவு என்று பழகிப்போன குடும்பம். கணக்கெடுக்க வந்தவன் கக்கூஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனால், மறுவாரம் குழி வெட்டியிருப்பார்கள்.

"இனிமே வூட்ல யாரும் அவங்கிட்ட தமிழ் பேசக்கூடாது. நமக்கு இங்கிலீஷ் வராதுன்னா வாய மூடிக்கிட்டுக் கெடப்போம். போனு பேசட்டும்" என்று சொல்லிவிட்டுப் பச்சியப்பன் பஸ் ஏறினான். மலர்விழிக்கும் அந்த ஆசை இருந்தது. சோறு ஊட்டினாள், குளிப்பாட்டினாள், தூங்கவைத்தாள், ஒரு சொல் இல்லாமல். உன் மகன் கலெக்டராவதற்குள் நீ ஊமையாகிவிடுவாய் என்று பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் கிண்டல் செய்வாள்.

இப்போது அதே கண்ணம்மாள்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூக்கைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். போன வாரம் சளி இருந்ததா என்றார். இருந்தது. சளி என்றால் இங்கேயே மருந்துப் புகை வைத்துப் பார்க்கலாம். கொட்டை மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால் இந்த நிமிஷமே தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எக்ஸ்ரே எடுத்தாலும் கொட்டை தெரியாது. வாயில் போட்டபோது புரையேறி இருமினானா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

"நான் பாக்கலீங்க."

"கூட யார் இருந்தா?"

"போனு இருந்துச்சுங்க."

டாக்டரம்மா அவளை ஒரு முறை பார்த்துவிட்டுப் பையனிடம் குனிந்து கேட்டார். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "வெரி குட், கிளாப் யுவர் ஹேண்ட்ஸ்" என்றான். திரும்பக் கேட்டார். திரும்ப அதையே சொன்னான்.

"இவனுக்குக் காது கேக்குமாம்மா?"

மலர்விழி அவனைத் தன் பக்கம் திருப்பினாள். "சாமி, கொட்டைய வாயில போட்டியா? இருமல் வந்துச்சா? அம்மாகிட்ட சொல்லுடா."

அவன் வாசலைப் பார்த்தான். பிறகு தன் சின்ன உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினான். லீவில் வருகிற அப்பன் அப்படித்தான் பொத்துவான், தமிழ் வந்தால், அவள் வாயையும் அவன் வாயையும். பிள்ளைக்குத் தமிழ் மறந்துவிடவில்லை. பயந்து உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறான். அவன் உதட்டோரம் நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

கையை விலக்கினாள். "அப்பா இல்ல சாமி. யாரும் அடிக்க மாட்டாங்க. பேசு. அம்மா பேசறன் பாரு, நீயும் பேசு." என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினாள். கோழி, சோறு, கண்ணம்மாள் வீட்டு நாய், வாயில் வந்ததையெல்லாம். அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் காதருகே வந்து கிசுகிசுத்தான்.

"கொட்ட தின்னேன். இருமல் வந்துச்சு. அம்மாவக் காணோம்."

மலர்விழி அதைச் சொன்னதுமே டாக்டரம்மா ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் போட்டார். ஏற்றிவிடும்போது மலர்விழியின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே பேச்சுக் குடுக்காதீங்க. அழுதாலும் சிரிச்சாலும் கொட்டை நகந்து மொத்தமா அடைச்சுக்கும். தர்மபுரி வரைக்கும் சத்தமில்லாம வெச்சுக்கோங்க."

வண்டி கிளம்பியது. ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பையன் "அம்மா" என்றான். பதில் வரவில்லை என்று மறுபடி "அம்மா" என்றான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் தலையைத் தடவினாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் சீட்டிச் சத்தம் அறுந்துபோய், மறுபடி தொடங்கியது. தொடங்குகிறதா என்று கேட்க அவன் நெஞ்சில் காதை வைத்தபடியே வந்தாள்.