கண்ணாடிக் கூண்டில் ஒரு பெட்டி

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அகதிகள் வந்து குடியேறிய வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கிறோம், பொஸ்னியாவிலிருந்து கொண்டுவந்த பொருள் ஏதாவது தருவீர்களா என்று அருங்காட்சியகத்துப் பெண் கேட்லின் வந்து கேட்டாள். போருக்குத் தப்பி அங்கே வந்து குடியேறியிருந்த அஸெமினா உள்ளே போய் முடி உலர்த்தும் மெஷினை எடுத்துவந்தாள்.

போர் மூண்டு, அவளுடைய சொந்த ஊரான பிரியெதோரில் துப்பாக்கிக்காரர்கள் கதவைத் தட்டி வெளியேறச் சொன்னபோது அவள் தலைக்குக் குளித்துவிட்டு நின்றிருந்தாள். நகை இருந்தது, கல்யாணப் போட்டோ இருந்தது. கை என்னவோ மெஷினைத்தான் பிடித்துக்கொண்டது. அதோடுதான் குரோவேஷியா, ஜெர்மனி என்று அலைந்து இங்கே வந்து சேர்ந்தாள்.

கேட்லின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கொஞ்சம் சாதாரணமா இருக்கே. மனசைத் தொடற மாதிரி வேற ஏதாச்சும்? பழைய பெட்டி, அந்த மாதிரி?"

அஸெமினாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும், "இருக்கு, தேடித் தரேன்" என்றுவிட்டாள்.

கேட்லின் போனதும் கணவன் ஷெவ்கோ சிரித்தான். "உங்கிட்ட ஏதுடி பெட்டி? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"வாயை மூடுய்யா. நாம அழுறதுகூட அவங்க அளவுக்குத் தச்சிருக்கணும்போல."

மறுநாள் பழைய சாமான் கடையில் தோல் வார் போட்ட பழுப்புப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தாள். ஷெவ்கோவே அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய், செங்கல்லில் தேய்த்து இன்னும் கொஞ்சம் துன்பப்படுத்தினான்.

திறப்பு விழாவில் பெட்டிக்குக் கண்ணாடிக் கூண்டு, தனி விளக்கு. 'ஒரு வாழ்க்கை முழுவதும் இதற்குள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். தன்னைப் பார்த்து இத்தனை பேர் அழுததில்லையே என்று அஸெமினாவுக்குப் பெட்டிமேல் பொறாமையாகக்கூட இருந்தது.

வெள்ளைத்தலை அம்மாள் ஒருத்தி மட்டும் கூண்டருகே குனிந்தவள் நிமிரவே இல்லை. டோலரெஸ் என்று பெயர், அஸெமினா குடியிருக்கும் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள். அஸெமினாவை மெல்ல ஓரமாக இழுத்தாள்.

"தப்பா நினைக்காதம்மா. பூட்டுக்குப் பக்கத்துல இருக்கற கீறல் நான் போட்டது. தேனிலவுக்கு ஃப்ளோரிடா போனப்ப. போன வருஷந்தான் இதைத் தூக்கிக் கடைக்குக் குடுத்தேன்."

அஸெமினாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "இப்பவே போய் உண்மையச் சொல்லிடறேன்."

டோலரெஸ் கையை விடவில்லை. "சும்மா இரு. அந்த மனுஷன்கூட அத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன், எனக்குன்னு யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இன்னைக்காவது அழட்டுமே."

அஸெமினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கியதைப் பார்த்து, அழுகிறார்களாக்கும் என்று கேட்லின் படம் எடுத்தாள். படம் செய்தித்தாளில் வந்தது. சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து, பெட்டியோடு இருவரும் வந்து பேச முடியுமா என்று கேட்டார்கள்.

ரயிலில் போகும்போது டோலரெஸ் கேட்டாள், "பொஸ்னியாவுல உனக்கு யாரும்மா இருந்தாங்க?"

இத்தனை வருஷத்தில் செயின்ட் லூயிஸில் யாரும் கேட்காத கேள்வி. அஸெமினா தன் தம்பி நெர்மினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் கிட்டார் வாசிப்பது, நதியில் குதிப்பது, அந்தக் காலையில் துப்பாக்கிக்காரர்கள் அவனைத் தனியே லாரியில் ஏற்றிக்கொண்டு போனது எல்லாம் சொன்னாள். டோலரெஸ் அழவில்லை. அவன் உயரமா, குட்டையா என்று கேட்டாள்.

சிகாகோ மேடையில் அஸெமினா பெட்டியைப் பற்றித்தான் பேசினாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.