இரண்டு பட்டியல்களில் ஒரு பெயர்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. தொழில் முனைவோர் சங்க மலருக்கு, ‘சொந்தமாக ஆலோசனைத் தொழில் நடத்துவது எப்படி’ என்று எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. மலாக்காவின் காஜா பெராங்கில் எப்போதோ காதில் விழுந்த ஒரு மனிதர்தான் வந்து நின்றார். பெயர் காதில் விழவில்லை. ராஜரத்தினம் என்று நான் வைத்தேன். மற்றவற்றையும் பெரும்பாலும் நானே வைத்தேன். ஆண்டவன் பொறுத்துக்கொள்வான்.

2

(முதல் தொடக்கம்: ‘1943. மலாக்கா வானில் கருமேகங்கள்—’ அடித்துவிட்டேன். அன்று மழையே இல்லை.)

ராஜரத்தினம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஜப்பான்காரன் வந்து தோட்டம் மூடியதும், காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டிலிருந்து யோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். அரிசி கண்ணில் படாத காலம். கொல்லையில் எதை நட்டால் எத்தனை மாதம் வயிறு நிறையும் என்று தெரிந்தவருக்கு மரியாதை இருந்தது.

அவர் முதலில் மண்ணைப் பார்க்கமாட்டார். அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பார்ப்பார். சாப்பிடும் வாய் எத்தனை, அதில் பல் இல்லாதது எத்தனை என்று கேட்பார். பிறகுதான் மரவள்ளியா, கீரையா என்ற பேச்சு. தெரியாததைத் தெரியாது என்பார். அதனாலேயே ஒரு வருடத்தில் இருபத்து மூன்று வீடுகள் சேர்ந்தன. கூலி, விளைந்ததில் ஒரு கூடை.

“எங்கிட்டயே இருந்துடுங்களேன் கிராணியாரே,” என்று பண்டார் ஹிலிர் மளிகைக்கடை ஷரீஃபுதீன் கேட்டபோது மறுத்துவிட்டார்.

“உங்க ஆளாயிட்டா, அடுத்த வீட்டுல போய் உள்ளதைச் சொல்ல முடியாது பாய்.”

(இவருக்குக் கொஞ்சம் தற்பெருமை உண்டோ என்று எனக்குச் சந்தேகம். இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.)

3

அந்தப் பெருமைக்குத்தான் சோதனை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொரு முதலாளியும் தன் ஆட்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டான். எந்தப் பட்டியலிலும் இல்லாத ஆண், சயாமில் ரயில் பாதை போடப் போக வேண்டும். போனவர் ஒருவரும் அதுவரை தெருவுக்குத் திரும்பவில்லை.

“இருபத்து மூணு வீடு இருக்கு, மொதலாளின்னு சொல்ல ஒரு தவுக்கே இல்ல,” என்றார் மனைவி பூங்காவனம். “யார்கிட்டயாவது கேளுங்களேன்.”

“என்னன்னு கேக்குறது? எனக்காகப் பொய் எழுதுங்கன்னா?”

“கேக்காட்டி இந்தக் கிழங்கையெல்லாம் நான் ஒருத்தியா பிடுங்கணும்.”

அவர் கேட்கவில்லை. ஆனால் ஷரீஃபுதீன் தானாகவே அவரைக் ‘கிடங்குக் காவலாள்’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த இருபத்து மூன்றில் இன்னொரு வீடான, கிளேபாங்கில் பால்மாடு வைத்திருந்த பொன்னம்மாவும் தானாகவே ‘மாடு மேய்ப்பவர்’ என்று எழுதிக் கொடுத்தார். இருவருமே அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.*

* செய்த உதவியை வெளியே சொன்னால் புண்ணியம் போய்விடும் என்று நினைப்பவர்கள் நாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், இந்தப் பத்தியை எழுதும்வரை.

4

சனிக்கிழமை காலை மூவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஜப்பானிய அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் ஜெயபாலன் இரண்டு தாள்களையும் தூக்கிக் காட்டினார்.

“ஒரே ஆளு, ரெண்டு தவுக்கே! இங்க கிடங்கு காக்குறீரு, அங்க மாடு மேய்க்குறீரு. கண்ணாடி போட்ட மாட்டுக்காரரை இப்பத்தான்லா பாக்குறேன்.”

யாரும் சிரிக்கவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பாய்?” என்று பொன்னம்மா கிசுகிசுத்தார்.

“நீங்க மட்டும் சொன்னீங்களாம்மா?”

ஜெயபாலனின் குரல் இறங்கியது. “பொய்ப் பட்டியல் குடுத்தா என்ன நடக்கும்னு தெரியும்ல? இதுல எது பொய்னு நீரே சொல்லும்.”

இருவரும் ராஜரத்தினத்தைப் பார்த்தார்கள். ஒரு வருடமாக எந்தச் சிக்கல் வந்தாலும் அப்படித்தான் பார்த்தார்கள்.

5

முடிவு அ: “ரெண்டும் பொய்தான், நான் சயாமுக்குப் போ—

(முடிக்க முடியவில்லை. அவரையும் ஏற்றிவிட்டு, எழுதிக் கொடுத்த இருவரையும் மாட்டிவிட்டு, நான் எந்த முகத்தோடு சாமி கும்பிடுவது?)

முடிவு ஆ: அதிகாரி மனமிரங்கி—

(இரங்கினார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். “நான் காவலும் காக்கல, மாடும் மேய்க்கல. ஆனா ரெண்டு பேருக்கும் வேலை செய்யுறேன், அது நெசம். அவங்க தாள்ல என் தொழிலுக்குப் பேரு இல்ல, அதான் இருக்குற பேரை எழுதிட்டாங்க. இன்னும் இருபத்தோரு வீட்டுக்கும் செய்யுறேன். அதையும் எழுதிக்குங்க.”

ஜெயபாலன் அதை மொழிபெயர்த்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, அந்த இருபத்தொரு வீட்டுக்காரர்களும் பன்னிரண்டு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வந்தால் ராஜரத்தினத்துக்கு வேலை அட்டை, சயாம் இல்லை. ஒரு வீடு குறைந்தாலும் மூவரும் சயாம் லாரியில்.

வாசலில் நின்ற பூங்காவனம் ஓடத் தொடங்கினார்.

6

இங்கே பேனாவை வைக்கிறேன். அந்த அலுவலகத்துக்குள் தானாகக் காலெடுத்து வைக்க அன்று ஊரில் யாருக்கும் துணிவில்லை. அதை மறைக்கக் கூடாது. நான் மனிதர்களை நம்புகிறவன்தான். அதற்காக அவர்கள் கையெழுத்தை நான் போட முடியாது.

இருபத்தொரு வீடுகளில் ஒன்று உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவனம் மூச்சிரைக்கக் கதவைத் தட்டுகிறார். மணி பத்தரை. நடந்தால் முக்கால் மணி நேரம்.