பின்சீட்டில் வந்த தங்கை

சுற்றுலாப் பேருந்தில் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு தலைகளை எண்ணுவது டீச்சரின் வழக்கம். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் அல்ல. நகரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. தாமதமாக வருகிறவர்களை அவள் நிற்கவைத்துக் கண்டிக்கிற அழகைப் பார்த்து டிரைவர் வைத்த பெயர் அது. அலுவலகத்தில் சம்பளம் போடுகிறவர் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. அன்று காலையும் முன்வரிசையிலிருந்து விரலை ஆட்டி எண்ணிக்கொண்டே போனாள். கடைசி வரிசையில், ஜன்னலோரமாக, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு அவளுடைய தங்கை உட்கார்ந்திருந்தாள்.

எண்ணிக்கை தவறிப்போனது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இந்த முறை கடைசி வரிசைக்கு வந்ததும் விரல் அந்த ஜன்னலோரத்தில் நிற்காமல் தாண்டிப் போயிற்று. தங்கை மற்றவர்களைப் போலவே டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு குடும்பம் என்று மிஞ்சியது அந்த மூன்று பேர்தான். டீச்சர், அடுத்தது இந்தத் தங்கை, கடைக்குட்டியாக ஒரு தம்பி. தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். தங்கை வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, ஊரில் பாதிப் பேருடைய ஐஸ் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்று தெரிந்தபோது உடன்பிறந்தவர்களைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். தங்கைக்குச் சர்க்கரை, அவளை முதல் நாளே ஒதுக்கிவிட்டார்கள். டீச்சருக்கு எல்லாமே பொருந்தியது.

"என் தம்பிக்கு இல்லாததா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொன்னாள் டீச்சர். சொன்னபோது மனசாரத்தான் சொன்னாள். கடைசிப் பரிசோதனைக்குப் போகவேண்டிய காலையில் குளித்து, தலைவாரி, வாசல்வரை வந்துவிட்டாள். செருப்புக்குள் கால் நுழைய மாட்டேன் என்றது. வயிற்றைக் கிழித்து உள்ளே கைவிடுவார்கள் என்ற ஒரே நினைப்பில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் போகாதே என்று சொல்லவில்லை. மகளும் தடுக்கவில்லை. பழி போட ஒரு ஆள்கூட இல்லை. போனை அணைத்து அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தாள். நாளைக்குப் போய்விடலாம் என்று நினைத்தாள். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நினைத்தாள். பிறகு எப்படிப் போய் முகத்தில் முழிப்பது என்ற இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. புது நம்பர் வாங்கினாள். தங்கை இரண்டு முறை அலுவலகத்துக்கே தேடி வந்தபோது, டூட்டியில் இல்லை என்று சொல்லும்படி டிரைவரிடம் கேட்டுக்கொண்டு, உள்ளறையில் துடைப்பங்களுக்கு நடுவே நின்றாள். அதனால்தான் தங்கை இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

பேருந்து கிளம்பியது. டீச்சர் மைக்கைக் கையில் எடுத்தாள். பேசிப் பேசி வழக்கப்பட்ட வாய்; அது பாட்டுக்குப் பேசியது. கடைத்தெருவைத் தாண்டி, குதிரை வீரன் சிலை இருக்கும் வட்டத்துக்கு வந்தார்கள். இந்த ஊரில் அந்தக் குதிரையை எல்லாருக்கும் தெரியும், மேலே உட்கார்ந்திருக்கிற ஆள் யாரென்றுதான் யாருக்கும் தெரியாது என்று அவள் சொல்கிற ஒரு நகைச்சுவை அங்கே வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைச் சொல்லி யாரும் சிரிக்காமல் போனபோது வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். மறுநாள் தம்பி தன் கடையைப் பூட்டிவிட்டுப் பயணி மாதிரி ஏறி நடுவரிசையில் உட்கார்ந்தான். அவள் சொல்லி முடிக்கும் முன்னாலேயே வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். அவளுக்குத் தைரியம் வரும்வரை அப்படியே தினமும் வந்தான். இன்று அந்த வட்டம் வந்ததும் டீச்சர், இது ஒரு சிலை என்று மட்டும் சொன்னாள். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

பழைய ஆளுநர் மாளிகைதான் அந்தப் பயணத்தின் முக்கியமான இடம். தூண்கள் வரிசையாக நிற்கும் முகப்பு, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சலவைக்கல் தரை, ஆள் உயரக் கண்ணாடிகள், எல்லாவற்றுக்கும் மேலே வளைய வளையமாக ஜன்னல் வைத்த ஒரு பெரிய குவிமாடம். ஆனால் கூட்டம் வருவது படிக்கட்டைப் பார்க்க. ஒரே கோபுரத்துக்குள் இரண்டு சுழல் படிக்கட்டுகள், ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு மேலே ஏறும். ஒன்று எஜமானர்களுக்கு, இன்னொன்று வேலைக்காரர்களுக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏறினாலும் வழியில் சந்தித்துக்கொள்ள முடியாது. நடுச்சுவரில் அங்கங்கே இருக்கும் சின்னத் திறப்புகள் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கூட்டத்தில் தொப்பி போட்ட ஒருவர் இருந்தார். காலையிலிருந்து எதற்கும் ஒரு சந்தேகம் வைத்திருந்தார். இரண்டும் இங்கேயே தொடங்கி அங்கேயே முடியும்போது சந்திக்காமல் எப்படிப் போகும் என்று கேட்டார். டீச்சர் இரண்டு கைவிரல்களையும் பின்னிக் காட்டி விளக்கினாள்.  எல்லாரையும் பெரிய படிக்கட்டில் அனுப்பிவிட்டு, தான் வேலைக்காரர் படிக்கட்டில் ஏறி மேலே அவர்களை எதிர்கொள்வது அவள் வழக்கம். அவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். தங்கை மட்டும் ஏறவில்லை. காவலாளியிடம், முட்டி வலி, வழிகாட்டியோடு மெதுவாக வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காவலாளி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையை ஆட்டினாள்.

உள்ளே இருட்டாக, ஈரக் கல் வாடையோடு இருந்தது. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். டீச்சர் முன்னால் ஏறினாள், தங்கை பின்னால்.

"எப்படி இருக்கான்?" என்று திரும்பாமலே கேட்டாள் டீச்சர்.

"படுத்தா மூச்சு முட்டுது. தலகாணிய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தபடியே தூங்கறான்."

டீச்சர் நின்றுவிட்டாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் கட்டிக்கிடந்தது அந்த இடத்தில் உடைந்தது.

"நான் வர்றேன்டி. நாளைக்கே வர்றேன். என்ன டெஸ்ட் வேணும்னாலும் எடுக்கட்டும். இந்தத் தடவ ஓட மாட்டேன், சத்தியமா."

தங்கை ஒரு படி கீழே நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். மேல்மூச்சு வாங்கியது.

"அக்கா, நான் அதுக்கு வரல. இனிமே உன் கிட்னி வேண்டியிருக்காது."

பிறகு சொன்னாள். சொல்லிச் சொல்லி மரத்துப்போன குரல் அது. அவனுடைய இதயம் பலவீனமாகிவிட்டது. மயக்க மருந்தையே தாங்காது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். யார் கொடுத்தாலும் இனி அறுவை சிகிச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை.

"நான் அப்பவே வந்திருந்தா?" என்றாள் டீச்சர்.

"அத என்கிட்ட கேக்காத."

சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் சிரித்துக்கொண்டே ஏறும் சத்தம் கேட்டது. ஒரு திறப்பில் தொப்பிக்காரரின் முகம் தெரிந்தது. நீங்கள் அங்கேயே நின்றால் நாங்கள்தான் முதலில் போய்ச் சேருவோம் என்று கேலியாகச் சொன்னார். டீச்சரின் முகம் பழக்கத்தால் சிரித்தது. அவர் போனதும் அந்தச் சிரிப்பை எப்படிக் கலைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"டயாலிசிஸும் போதும்னுட்டான்" என்றாள் தங்கை. "ஊசி குத்த இடம் இல்ல, கைய பாக்கவே சகிக்கல. இந்த வெள்ளிக்கிழமையோட நிறுத்தறோம். அப்புறம் ரொம்ப நாள் தாங்காதாம். வேற யாரோ சொல்லி நீ கேக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"என்னப் பாக்கணும்னு சொன்னானா?"

"இல்ல."

"அவ்வளவு கோவமா?"

"கோவம் இருந்தாக்கூட பரவால்லயேக்கா. உன் பேச்சே எடுக்கறதில்ல அவன்."

மேலே வெளிச்சம் வந்தது. குவிமாடத்துக்கு அடியில் வட்டமாக ஓடும் மாடத்தில் எல்லாரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நடுவில் போய் நின்றாள். இதை வரைந்த கட்டடக் கலைஞர் வேலை முடியும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார், இந்தக் கூரையை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை என்று சொன்னாள். இத்தனை வருஷமாகச் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். எல்லாரும் ஐயோ பாவம் என்கிற மாதிரி உச்சுக்கொட்டினார்கள். ஒரு குடும்பம் தங்களைப் படம் எடுத்துத் தரும்படி கேட்டது. எடுத்துக் கொடுத்தாள். வழிகாட்டியும் வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்து, யாரோ இன்னொரு படமும் எடுத்தார்கள். அதில் தங்கையும் ஓரமாக விழுந்திருப்பாள்.

திரும்பும் வழியில், தன் வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள் தங்கை. இறங்கும்போது டீச்சர் அவள் கையைப் பிடித்து, சாயங்காலம் வரட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். தங்கை, வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது என்றாள்.

சாயங்காலம் போனாள். வாங்கிக்கொண்டு போக எதுவும் தோன்றவில்லை, வெறுங்கையோடு போனாள். தங்கை வீட்டுக்காரர் கதவைத் திறந்து, வாங்க என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். தம்பி மாடி ஏற முடியாததால் கீழ் அறையில் இருந்தான். முகம் உப்பி, கண்ணெல்லாம் சுருங்கிக் கிடந்தது. மடியில் தலையணை. பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவான். கோபம் வந்தால் பேயே என்பான். அவனிடமிருந்து ஏச்சு வாங்கத் தயாராகத்தான் அவள் வந்திருந்தாள்.

"வாங்க" என்றான் தம்பி. "உக்காருங்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை. யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"டூட்டி முடிஞ்சு நேரா வர்றீங்களா?" என்றான். "வெயில் அதிகமா இருந்திருக்குமே."

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாக இருந்திருந்தால் காலைப் பிடித்து அழுதிருப்பாள். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குக் கூப்பிட்ட வீட்டில் இருக்கிறவர்களிடம் பேசுகிற அதே மரியாதையில் பேசினான். தங்கையைக் கூப்பிட்டு, இவங்களுக்கு டீ குடு என்றான். டீச்சர், டேய் என்றாள்.  மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் அசதியாக இருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றான். தூங்கினானா, தூங்குகிற மாதிரி இருந்தானா, தெரியவில்லை. டீ ஆறி ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாளிலிருந்து லீவு போட்டுவிட்டுத் தினமும் போனாள். வெள்ளிக்கிழமையோடு டயாலிசிஸ் நின்றது. அவள் அவனுடைய துணியைத் துவைத்தாள், வாய் துடைத்தாள், வீங்கிய காலுக்கு எண்ணெய் தடவினாள். ஒவ்வொன்றுக்கும் அவன் ரொம்ப நன்றிங்க என்றான். ஒரு நாள் தங்கை பொறுக்க முடியாமல், அக்காடா அது என்று அவனை அதட்டினாள். தெரியும் என்றான் அவன். கடைசி இரண்டு நாள் அவனுக்கு நினைவு இல்லை. மூச்சு மட்டும் பெரிய சத்தத்தோடு போய் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள அவளால் முடிந்தது. என்னென்னவோ சொன்னாள். ஒன்றும் அவன் காதில் விழுந்திருக்காது.

ஒரு விடியற்காலையில் அந்தச் சத்தம் நின்றது.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் அவனிடம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்துகொண்டவர்கள். எதிர்வீட்டுப் பெண்மணி, ஜன்னல் வழியாக ஒரு வாரமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், வந்து டீச்சரின் தோளில் கைவைத்தாள்.

"கூடப் பொறந்தவங்கன்னா உங்கள மாதிரி இருக்கணும்மா. கடைசி வரைக்கும் பக்கத்த விட்டு நகரலையே நீங்க."

தங்கை பக்கத்திலேயே இருந்தாள். வந்தவர்களுக்குக் கொடுக்க டீத் தட்டோடு நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டது. டீச்சர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள், ஏதாவது சொல்வாள் என்று. சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. தங்கை எதிர்வீட்டுப் பெண்மணியிடம் ஒரு டம்ளரை நீட்டினாள். இன்னொன்றை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். அடுத்த ஆளைப் பார்த்து நகர்ந்துபோனாள்.