ஒரு வரிசை காகிதக் கல்

அந்த வருஷத்தை நினைத்தால் பெரியவளுக்கு முதலில் காதில் விழுவது வாஷிங் மெஷின் சத்தம்தான். துணி துவைத்த சத்தமில்லை, காகிதத்தைக் கூழாக்கிய சத்தம். தங்கையின் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் வேலை. கழிவுக் காகிதத்தைச் சாக்கு சாக்காகக் கொண்டுவந்து ஊறப்போட்டு, மெஷினில் சுற்றவிட்டு, தண்ணீரை வடித்து, சிமென்டும் மணலும் சேர்த்துப் பிசைந்து, மரச் சட்டத்தில் அமுக்கிக் கல் கல்லாக வெயிலில் காயவைப்பார்.

"போர்வையை நான் கையால அடிச்சுத் துவைக்கிறேன், காகிதத்துக்கு மெஷினாம்!" என்பாள் தையல்காரத் தங்கை.

"உங்க அக்காவுக்குத்தானே அறை? பேசாமப் பிழி."

அக்காவுக்காகத்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, தனிக்கட்டை, தங்கை வீட்டுக் கூடத்தில் வந்து படுத்திருந்தாள். யார் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அவள் காலைத் தாண்டித்தான் போகணும். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. அவளுக்குத்தான் கூச்சமாக இருந்தது. பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலுக்குச் சொல்லிவைத்திருந்தாள். "வர்றீங்களா இல்லையா, திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்று வார்டன் கறாராகச் சொல்லிவிட்டாள்.

கொல்லையில் சுவர் எழும்பியது. கனமே இல்லாத கல். தங்கை ஒற்றைக் கையால் தூக்கிப் போடுவாள், அவர் பிடிப்பார். கடைசி வரிசை வைத்ததும் மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். கதவு நிலை மட்டும் சுவருக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"என்னங்க இது?"

"கணக்குப் பண்ணித்தான் வச்சேன்..."

"எதைக் கணக்குப் பண்ணீங்க?"

"சட்டத்தோட உயரத்தை."

"அது ஈரக் கல்லோட உயரம்! காஞ்சா சுருங்காதா? தண்ணியில நனைக்காம நான் ஒரு துணியாவது வெட்டியிருக்கேனா? வீட்டுலயே தையல்காரி இருக்கேன், ஒரு வார்த்தை கேட்டா கிரீடமா இறங்கிடும்?"

அவர் பின்மண்டையைச் சொறிந்தார். "நிலையைக் கொஞ்சம் அறுத்துடலாம். அக்காதான்... உயரமா இருக்காங்க. கொஞ்சம் குனிஞ்சு போகணும்."

"அதுக்கென்ன மாப்பிள்ளே, குனிஞ்சுக்கிறேன்" என்றாள் பெரியவள்.

தங்கைக்கு வந்ததே கோபம். "அவ எதுக்குக் குனியணும்? என்னைப் படிக்க வைக்க நைட் ஷிப்ட்டா பார்த்தவ. ஒருத்தர் முன்னாடி தலை குனிஞ்சதில்ல. என் வீட்டுல வந்து குனியணுமா? இன்னொரு வரிசை வைங்க!"

"காகிதத்துக்கு எங்கே போறது? மிச்சம் இருந்ததையெல்லாம் முதலாளி எடைக்குப் போட்டுட்டார்."

பெரியவள் உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே டெலிபோன் டைரக்டரிகள், வருஷத்துக்கு ஒன்றாக. விடுதிக்கும் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தாள்.

"அக்கா! அது உன் உசிராச்சே!"

"இதைப் பார்த்து இப்ப யாரு போன் பண்றா? கிழி."

சொன்னாளே தவிர, பக்கத்துக்குப் பக்கம் நின்றாள். "இந்த மரக்கடைக்காரர் முதல்ல தும்முவார், அப்புறம்தான் ஹலோ."

"இது?"

"டாக்டர் நம்பர். லைன் கிடைக்கிறதுக்குள்ள பாதி வியாதியை என்கிட்டயே சொல்லிடுவாங்க."

"இதுல என்ன கோடு போட்டிருக்கே?"

"அந்த நம்பரை யாரும் எடுக்கவே மாட்டாங்க. ஆனா ஒருத்தர் தினமும் கேட்பார். 'இன்னொரு தடவை பாருங்கம்மா'ம்பார். நானும் பார்ப்பேன்."

அந்தத் தாளில் மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு அதுவும் வாளிக்குள் போனது.

ஊறியதை மெஷினில் சுற்றியெடுத்து, முழங்கை வரை கூழோடு முதல் சட்டத்தை அவளே அமுக்கினாள். பாதியில் நிமிர்ந்தாள். "ஏய், போனை எடுத்து என் காதுல வை. கையெல்லாம் சிமென்ட்."

"யாருக்கு?"

"விடுதிக்கு."

தங்கையின் முகம் விழுந்துவிட்டது. அக்கா எதையும் பார்க்காமல் ஒப்பித்த எண்ணைத் தங்கை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"வார்டனம்மாவா? அந்தக் கட்டிலை வேற யாருக்காவது குடுத்துடுங்க... இல்லல்ல, இடம் கிடைச்சிருச்சு. சுவர்தான் இன்னும் காயணும்... ஏண்டி போனை இப்படி ஆட்டுறே? நேராப் பிடி, அவங்க பேசுறது கேக்கல!"