முகத்துக்கு எந்த வருஷம்?

வீட்டில் கல்யாணம் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பதும், பெண்ணைப் பெற்றவளுக்கு ஆஸ்பத்திரியில் சுருக்கம் நீக்கி முகம் தூக்குவதும் அந்த ஊர் வழக்கம். தூக்கிய முகம் எத்தனை வருஷம் பின்னால் போகிறதோ, அந்த வருஷத்து முகமாகவே நடந்துகொள்ளும். புத்தி இந்த வருஷத்தில்தான் இருக்கும். முகம் மட்டும் அங்கே போய்விடும். அதனால் எந்த வருஷம் என்பதை வீட்டில் கலந்து பேசித்தான் முடிவு செய்வார்கள். அவசரப்பட்டால் அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் சம்சாரம் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் போய் நின்றது அவள் மாமனார் செத்த வருஷம். மகள் நிச்சயதார்த்தம் முழுக்க அந்த முகம் அழுதுகொண்டே இருந்தது. வந்தவர்களும் பாவம், துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பிரமநாயகிக்கு அப்படி ஆகிவிடக் கூடாது. ஆவணியில் அவள் மகள் சிவரஞ்சனிக்குக் கல்யாணம். அதற்கு அவள் அண்ணன் ஆவுடையப்பன் தாய்மாமன் சீரோடு வருகிறார். சங்கதியே அதில்தான் இருக்கிறது.

சிவரஞ்சனிக்கு மூன்று வயதில் காது குத்தினார்கள். ஆவுடையப்பன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தார். மைக்கில் அறிவித்தவன் பித்தளைக் குடத்தைச் சொன்னான், பட்டுப்பாவாடையைச் சொன்னான், வாழைத்தாரைக்கூடச் சொன்னான். கொண்டுவந்தவர் பேரை விட்டுவிட்டான். மனுஷர் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், கை நனைக்காமல் போயே போய்விட்டார். பிள்ளைக்கு வேறு யார் மடியிலோ வைத்துக் காது குத்தினார்கள். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நல்லது கெட்டது எதற்கும் ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்கவில்லை. போன தை மாதம் ஒரு துக்க வீட்டில் எதிரெதிரே உட்கார நேர்ந்தபோது, அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏட்டி பிரமு, ஆளே தெரியலையே. எங்கட்டி போச்சு உன் மூஞ்சி?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழுத அழுகை கொஞ்சமா? அண்ணன் பார்க்காத காலத்தில் முகம் அது பாட்டுக்கு இறங்கிவிட்டது. அவர் பார்த்த பழைய முகத்தை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. தப்பான வருஷத்துக்குத் தூக்கி, மணவறையில் அந்த முகம் அண்ணனைக் கண்டு வெடுக்கென்று திரும்பிக்கொண்டால் என்ன செய்வது? அவருக்கு எழுபது ஆகிறது. இன்னொரு இருபத்திரண்டு வருஷம் சண்டை போட இரண்டு பேருக்கும் வசதிப்படாது.

பிரமநாயகியும் அவள் வீட்டுக்காரர் பரமசிவமும் டாக்டர் ஜெபமணியிடம் போனார்கள். ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுவதுபோல டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.

"சின்னத் தூக்கல்னா காதுக்கு முன்னால ரெண்டு தையல். ஏழெட்டு வருஷம் பின்னால போகும்."

"அப்போ அண்ணன்கூடச் சண்டை," என்றாள் பிரமநாயகி.

"நடுத் தூக்கல் இருக்கு. பதினஞ்சு வருஷம் போகும்."

"அப்பவும் சண்டைதான். அது போக எங்க அக்காகூடயும் இவளுக்குப் பேச்சு கிடையாது," என்றார் பரமசிவம். "பலாப்பழம் பங்கு வச்சதுல வந்தது."

"அத எதுக்கு இப்போ எடுக்கீங்க?" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அடுத்தது நூல் தூக்கல். வேண்டிய நாளுக்கு முகத்தை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். வாய்விட்டுச் சிரித்தால் மட்டும் நூல் அவிழ்ந்துவிடும். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவள் சிரிக்காமல் நின்றால் சம்பந்திமார் என்ன நினைப்பார்கள்? அது வேண்டாம் என்று ஆயிற்று.

"முகத்த விட்டுருவோம். கழுத்த மட்டும் தூக்கிவிடுங்க," என்றார் பரமசிவம்.

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "மூஞ்சியத் திருப்பிக்கிடுறது மூஞ்சி இல்லைங்க, கழுத்து. கழுத்தக் கொண்டுபோய்ச் சண்டை வருஷத்துல நிறுத்திட்டா, முகம் சிரிச்சுக்கிட்டே திரும்பிக்கிடும். பாக்கிறவங்களுக்கு அது இன்னும் கஷ்டமா இருக்கும்."

அதுவும் நியாயம்தானே.

மிச்சம் இருந்தது ஆழத் தூக்கல். காதுகுத்துக்கும் முந்தின வருஷத்துக்குப் போகும். அந்த வருஷம் பிரமநாயகி யாரோடெல்லாம் பேசினாள் என்று இருவரும் அங்கேயே உட்கார்ந்து யோசித்தார்கள். அண்ணனோடு பேசினாள். நாத்தனாரோடு பேசினாள். பரமசிவத்தோடு மட்டும் பேசவில்லை. குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி ஏமாற்றியிருந்தார்.

"என்கூடத்தானே? பாத்துக்கிடலாம்," என்றார் அவர். தங்கமான மனுஷர். ஆனால் கட்டுப் பிரித்ததும் முகம் அவரைப் பார்த்து உதட்டைச் சுழித்தது.

கழற்றிய வருஷங்களை டாக்டரம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டு, வாயைக் கட்டிக் கையில் கொடுத்தார். அவரவர் வருஷம் அவரவருக்கு. பிரமநாயகி அதைப் பரணில் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்தாள்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று அவள் எல்லோரையும் வாய் நிறைய வரவேற்றாள். கண் பட்டுவிடும்போல இருந்தது. ஒரே குறை, முகத்துக்கு மகளை அடையாளம் தெரியவில்லை. கண்கள் இடுப்பு உயரத்திலேயே பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தன. சிவரஞ்சனி நல்ல பெண். அம்மா பக்கம் வரும்போதெல்லாம் பட்டுப்புடவையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு குந்தினாள். முகம் அவளைக் கண்டு மலர்ந்தது.

ஆவுடையப்பன் வந்தார். தட்டுகளும் வந்தன. அவர் கால்கள் தங்கையைப் பார்த்து நடந்தன, கைகள் தட்டை நீட்டின, முகம் மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

கூட வந்த மகன்தான் விஷயத்தைச் சொன்னான். பழைய அண்ணனாகத் தங்கை முன்னால் போய் நிற்க வேண்டும் என்று அவரும் ஆழத் தூக்கலுக்குப் போயிருக்கிறார். பாதித் தூக்கலில் கம்பவுண்டர் அவரை மொட்டையாக ஆவுடையப்பன் என்று கூப்பிட்டுவிட்டான். மனுஷர் சும்மா இருப்பாரா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேஜையை விட்டு எழுந்து வந்துவிட்டார். முகம் காதுகுத்து நாளிலேயே நின்றுபோயிற்று.

பிரமநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை பாடுபட்டும் இப்படியா ஆக வேண்டும்? ஆனால் அவள் முகம் அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. அதற்குச் சண்டை நடந்ததே தெரியாது.

"அண்ணே, என்னப் பாருங்கண்ணே."

"எம் பேரச் சொல்லலையே," என்றது அவர் முகம், வாசலைப் பார்த்து.

அவள் நேரே போய் நாதஸ்வரத்துக்கு வைத்திருந்த மைக்கைப் பிடுங்கினாள். "சிவரஞ்சனியோட தாய்மாமன், உயர்திரு ஆவுடையப்பன் அவர்கள் கொண்டுவந்த சீர்!" என்று மண்டபம் அதிரச் சொன்னாள். விடாமல் மறுபடியும் மறுபடியும் சொன்னாள். சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து பார்த்தார்கள்.

முகம் பாதி திரும்பியது. "பிள்ளை எங்க?" என்று கேட்டது.

சீர் காதுகுத்துச் சீர் என்று ஆகிவிட்டதால் காது குத்த வேண்டியதாயிற்று. முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கிறது, தாராளமாகக் குத்தலாம் என்றார் ஐயர். கல்யாணப்பெண் மாமா மடியில் உட்கார்ந்தாள். மாமாவின் முழங்கால் மளுக் மளுக்கென்றது, அவர் அசையவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்த ஆசாரி ஒருவர் பழைய துளைக்கு மேலே புதுசாக ஒன்று குத்தினார். சிவரஞ்சனி வீறிட்டு அழுதாள். மாப்பிள்ளை ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்து, அழுகை ஓயும்வரை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது ஆவுடையப்பனின் முகம் முழுசாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தது. அவருக்குத் தெரிந்த அதே முகம் அங்கே சிரித்துக்கொண்டிருந்தது.

"பந்தி போட்டாச்சாட்டி, பிரமு? பசி உயிர் போகுது," என்றார்.

அவளே இலை போட்டுப் பரிமாறினாள். இருபத்திரண்டு வருஷப் பசி, சும்மாவா? பாயசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் உள்ளுக்குள் தேம்பிக்கொண்டே, முகம் சிரிக்க, ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

ஆவுடையப்பன் தன்னிடமிருந்து கழற்றிய வருஷங்களை வீட்டில் விட்டுவிட்டு வர மனசில்லாமல், மஞ்சள் பையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை நாற்காலியில் மாட்டிவிட்டுத்தான் பந்திக்குப் போனார். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பையைக் காணோம். வாசலில் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் மஞ்சள் பைதான்.

மறுநாள் கோவில்பட்டியிலிருந்து அவருக்கு போன் வந்தது. பேசியது, மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ராஜரத்தினத்தின் சம்சாரம்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவுகளுக்கும் உங்க தங்கச்சிக்கும் இருபத்திரண்டு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாதாமே. தாம்பூலப் பையப் பிரிச்சதுலேருந்து சொல்லிக்கிட்டே இருக்காக. பையில தேங்காயும் இல்ல. என்னதான் சண்டைன்னு கேட்டா அவுகளுக்கே தெரியல."

"அது போன்ல பேசுத விஷயம் இல்லம்மா. நேர்ல வாரோம்," என்றார் ஆவுடையப்பன்.

அண்ணனும் தங்கையும் பழம், வெற்றிலை, கொடுக்க வேண்டிய தேங்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினார்கள். சன்னலோர சீட்டை அவர் அவளுக்கு விட்டுக்கொடுத்தார். சின்ன வயசில் ஒருநாளும் விட்டதில்லை.

ராஜரத்தினம் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் மீசை நரைத்திருந்தது. இவர்கள் உள்ளே நுழைந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவுக இப்போதைக்குப் பேச மாட்டாக. நீங்க உக்காருங்க, காப்பி போடுதேன்," என்றாள் அவர் சம்சாரம்.

இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள்.

"இது லேசுல தீராதுபோல இருக்கே, பிரமு."

"தீரும்போது தீரட்டும்ணே," என்றாள் அவள். "மாத்துப்புடவை கொண்டாந்திருக்கேன்."